வாசகர் கேள்வி – பதில்: ஓடையில கிரேஃபிஷ் என்னதான் சாப்பிடுது?

போன இதழ்ல ஒரு வாசகி, கலர் மீன் கடையில நீலக் கலர்ல கொடுக்கோட ஒண்ணு பார்த்தேன், அது இறாலா நண்டானு கேட்டிருந்தாங்க. நானும் அது கிரேஃபிஷ், கடல் சிங்கி இறாலுக்குச் சொந்தக்காரன், ஆனா நல்ல தண்ணில வாழறது, கிடைச்சத எல்லாம் தின்னும்னு நாலு வரில எழுதி முடிச்சுட்டேன். அந்த 'கிடைச்சத எல்லாம்'னா என்னென்னனு கேட்டு இந்த மாசம் வந்த கடிதம், மெயில், வாட்ஸ்அப் எல்லாம் பாத்தப்புறம்தான் நாலு வரி பத்தாதுன்னு புரிஞ்சுது. அதனால இந்தத் தடவ பக்கம் பூரா இதுக்கே.

கே: சின்ன வயசுல ஆனைமலை ஓடைகள்ல கல்லைப் புரட்டி நண்டு பிடிச்சிருக்கோம் மேடம், ஆனா கிரேஃபிஷ் பார்த்ததா ஞாபகமே இல்ல. எங்கயாவது ஒளிஞ்சிருக்கா?
(ஒரு ஆசிரியர், பொள்ளாச்சி)

ப: ஒளிஞ்சில்ல சார், இல்லவே இல்ல. உலகத்துல 600 வகைக்கு மேல கிரேஃபிஷ் இருக்கு, அதுல இந்தியாவுக்குன்னு இயற்கையா ஒண்ணுகூட கிடையாது. ஆப்பிரிக்காவோட பெருநிலத்துலயும் கிடையாது, ஆனா பக்கத்துலயே இருக்கற மடகாஸ்கர் தீவுல உண்டு. பாதிக்கு மேல வட அமெரிக்காவுலதான், அதுவும் குறிப்பா அமெரிக்காவோட தென்கிழக்குல, டென்னசி, அலபாமா, அப்பலாச்சியன் மலைத்தொடர் இருக்கற பக்கம். அடுத்தபடியா ஆஸ்திரேலியா. அங்க ஓடையில கிரேஃபிஷ் செய்யற வேலைய நம்ம ஓடைகள்ல நீங்க கல்லுக்கடில பிடிச்ச நண்டும் நன்னீர் இறாலும் செஞ்சுட்டு இருக்கு. அதனால கீழ நான் சொல்லப்போற கதையெல்லாம் பெரும்பாலும் அப்பலாச்சியன் மலை ஓடைக் கதை, அதுக்கப்புறம் கொஞ்சம் இங்கிலாந்து.

கே: கிடைச்சத எல்லாம் தின்னும்னு எழுதியிருந்தீங்க. சைவமா அசைவமா, ஒண்ணு சொல்லுங்க அக்கா. என் பையன் பிடிவாதமா கேக்கறான்.
(ஒரு வாசகி, ஈரோடு)

ப: உங்க பையன் கேட்ட கேள்வியத்தான் விஞ்ஞானிகளும் ரொம்ப வருஷம் கேட்டுட்டு இருந்தாங்க, பதில் ஒரு தடவ மாறவும் செஞ்சுது. அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல அந்த ஓடைய கண்ணு முன்னாடி கொண்டு வாங்க. மலை மேல சின்ன ஓடை, ரெண்டு பக்கமும் பெரிய மரம், மேல கிளையும் கிளையும் கோத்துட்டு வெயிலே கீழ இறங்காது. வெயில் இல்லனா பாசி அவ்வளவா வளராது, பாசி இல்லனா அதைத் தின்னுற பூச்சி இல்ல, அப்போ அந்த ஓடையில சாப்பாடு எங்கிருந்து வரும்? மேல இருந்து விழுது. இலையுதிர் காலத்துல ஓக், மேப்பிள் இலையெல்லாம் கொட்டோ கொட்டுனு கொட்டி, கல்லிடுக்குல அணை மாதிரி அடைச்சுக்கும். அந்தச் சருகுதான் அந்த ஓடையோட அரிசி மூட்டை.

ஆனா விழுந்த உடனே அதை யாரும் விரும்பித் தின்ன மாட்டாங்க. புது இலை கசக்கும், தோலு மாதிரி இருக்கும், சத்தும் கம்மி. சில வாரம் தண்ணில ஊறணும், அது மேல பூஞ்சையும் பாக்டீரியாவும் படரணும், அப்பதான் இலை மெத்துனு ஆகும், புரதமும் ஏறும். நம்ம வீட்ல அரைச்ச மாவ ராத்திரி பூரா புளிக்க வெச்சு காலைல இட்லி ஊத்தற மாதிரிதான், நுண்ணுயிர் வேலை பார்த்து முடிச்சப்புறம்தான் பந்தி. கிரேஃபிஷ் அந்த ஊறின சருகத் தேடிப் போகுது, கொடுக்கால பிடிச்சு, வாய் பக்கத்துல இருக்கற சின்னச் சின்ன உறுப்பால கிழிச்சு உள்ள தள்ளுது. இன்னும் ஒரு விஷயம், அதுக்கு வயித்துக்குள்ள பல் இருக்கு. மூணு பல், ஆட்டுக்கல் மாதிரி அரைக்கும். வாய்ல மெல்ல முடியாதத அங்க போட்டு மாவாக்கிடும்.

சருகு மட்டும்னு நினைச்சுடாதீங்க. கல்லு மேல படர்ற பாசி, நீளமா கூந்தல் மாதிரி வளர்ற பாசி, நீர்ச்செடியோட தண்டு, ஊறி அழுகின மரக்கட்டை, இதெல்லாம் காய்கறி பக்கம். இந்தப் பக்கம் பார்த்தா நத்தை, மேஃப்ளை பூச்சியோட குஞ்சு, கொசு மாதிரி இருக்கற மிட்ஜ் பூச்சியோட புழு, மண்புழு, மீன் முட்டை, தவளை முட்டை, தலைப்பிரட்டை, செத்த மீனு, சில நேரம் தன்னோட இனத்துச் சின்னக் குட்டியவே. பெரும்பாலும் ராத்திரிலதான் வெளிய வரும், கண்ணை விட மோப்பம்தான் அதுக்கு வழிகாட்டி, தலையில இருக்கற சின்ன மீசைய ஆட்டி ஆட்டி வாசனை பிடிச்சுட்டுப் போகும்.

இப்போ பதில் மாறின கதை. பழைய ஆராய்ச்சில கிரேஃபிஷ பிடிச்சு வயித்த அறுத்துப் பார்த்தாங்க, உள்ள முக்கால்வாசி சருகும் செடியும்தான். சரி, இது சைவம்தான், அப்பப்ப கொஞ்சம் மீனு கடிச்சுக்கும்னு எழுதி வெச்சாங்க. அப்புறம் வேற ஒரு முறை வந்துச்சு. ஒரு பிராணி எதைத் தின்னு வளர்ந்துச்சோ, அதோட தடயம் அதோட சதையில இருக்கற நைட்ரஜன், கார்பன் அணுக்கள்ல பதிஞ்சிருக்கும், அதை அளந்தா வயித்துல என்ன இருக்குன்னு இல்லாம உடம்பு எதால கட்டுச்சுன்னு தெரியும். அப்படிப் பார்த்தா நிறைய ஓடைகள்ல கிரேஃபிஷோட சதை வளர்ந்தது பெரும்பாலும் பூச்சியையும் நத்தையையும் வெச்சு! நம்ம தட்டுல மலை மாதிரி சோறு, ஓரத்துல ரெண்டு துண்டு மீனு இருக்கற மாதிரி. தட்டைப் பார்த்தா சோறுதான் தெரியும், ஆனா உடம்புல சதை போட உதவினது அந்த மீனு. புழு பூச்சி சீக்கிரம் செரிச்சுடும், சருகு மெதுவா செரிக்கும், அதனால அறுத்துப் பார்க்கறப்ப சருகுதான் கண்ணுல படுது.

வயசையும் சேர்த்துப் பார்க்கணும். பல வகைல குட்டியா இருக்கறப்ப புழு பூச்சிதான் அதிகம், வேகமா வளரணும்ல. பெருசான அப்புறம் உடம்பு கனத்துடும், ஓடற பூச்சிய துரத்திப் பிடிக்க முடியாது, சருகு பக்கம் சாயும். அதனால உங்க பையன்கிட்ட இப்படி சொல்லுங்க: தட்டு சைவம், உடம்பு அசைவம்.

கே: அது தின்னா தின்னுட்டுப் போகட்டும், அதனால ஓடைக்கு என்ன லாபம்?
(ஒரு வாசகர், தஞ்சாவூர்)

ப: நிறைய இருக்குங்க. அது சருகு தின்னுறப்ப பாதிதான் வயித்துக்குள்ள போகுது, மீதி கிழிஞ்சு தூள் தூளா தண்ணில போகுது, அதோட கழிவும் நுணுங்கின தூள்தான். அந்தத் தூளுக்காகவே கீழ்ப்பக்கம் ஒரு கூட்டம் காத்துட்டு இருக்கும். கேடிஸ் பூச்சியோட புழு பட்டு நூல்ல குட்டி வலை கட்டி தண்ணி போற பாதையில விரிச்சு வெச்சிருக்கும், கருப்பு ஈயோட புழு தலையில இருக்கற விசிறி மாதிரி உறுப்ப விரிச்சு வடிகட்டிட்டு இருக்கும். முழு இலை வந்தா அதுங்களால ஒண்ணும் பண்ண முடியாது. மேல ஒருத்தர் அரைச்சுக் கொடுத்தாதான் கீழ பந்தி நடக்கும்.

ரெண்டாவது, அது நடக்கறதே ஓடைக்கு ஒரு வேலை. கல்லுக்கு அடியில தோண்டுது, வாலைச் சுண்டி பின்னாடி பாயுது, அப்பல்லாம் படிஞ்ச வண்டல் கிளம்பி தண்ணியோட போயிடும். அப்பலாச்சியன் ஓடைகள்ல ஆராய்ச்சி பண்றவங்க தரையில சின்னச் சின்ன சதுரமா மின்சாரக் கம்பி போட்டு, லேசான ஷாக்ல மீனும் கிரேஃபிஷும் உள்ள வராம தடுத்துப் பார்த்திருக்காங்க, சின்னப் பூச்சிகளுக்கு அந்த ஷாக் தெரியாது. அப்படி விலக்கி வெச்ச இடத்துல வண்டல் அதிகமா சேர்ந்துச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி இது, ஏன்னா ஒருத்தர் வீட்ல என்ன வேலை செஞ்சாங்கன்னு அவங்க ஊருக்குப் போனப்புறம்தானே தெரியும்.

மூணாவது, அதுவே சாப்பாடு. நீர்நாய், ரக்கூன், நாரை, ஸ்மால்மவுத் பாஸ் மீனு, எல்லாருக்கும் அது வேணும். ஆனா ரெண்டு பேருக்கு அது இல்லாம வாழ்க்கையே இல்ல. ஒண்ணு ஹெல்பெண்டர், அரை மீட்டருக்கு மேல நீளம் வளர்ற ராட்சச சாலமாண்டர், பெரிய பாறைக்கு அடியில தட்டையா படுத்துக் கிடக்கும், அது தின்னுறதுல பெரும்பங்கு கிரேஃபிஷ்தான். அணையும் வண்டலும் மாசும் சேர்ந்து அதோட ஓடைகளக் கெடுத்ததால 2024 டிசம்பர்ல அமெரிக்க அரசு அதை அழியும் நிலைப் பட்டியல்ல சேர்க்க முன்மொழிஞ்சுது. இன்னொண்ணு குயின் ஸ்நேக்னு ஒரு தண்ணிப் பாம்பு. அதுக்கு கிரேஃபிஷ் மட்டும் இருந்தா பத்தாது, அப்பதான் ஓடு கழட்டி உடம்பு மெத்துனு இருக்கற கிரேஃபிஷ் வேணும், அதை வாசனை வெச்சே கண்டுபிடிச்சுடும். விஷம் கிடையாது, சுத்தி நெறிக்கவும் தெரியாது, கொடுக்கு கெட்டியா இருந்தா பாம்புக்குத்தான் ஆபத்து, அதனால அந்த ஒரு நேரத்துக்காக காத்துட்டு இருக்கு.

குடியிருக்கறவங்க கதையும் சொல்லணும். கிரேஃபிஷ் உடம்பு மேலயே வாழற குட்டிப் புழு உண்டு, அட்டைக்கு தூரத்துச் சொந்தம், அளவா இருந்தா செவுள்ல சேர்ற அழுக்கத் தின்னு சுத்தம் பண்ணிக் கொடுக்கும். அளவு மீறினா செவுளையே கடிக்க ஆரம்பிச்சுடும், அதனால கிரேஃபிஷ் அப்பப்ப காலால தேய்ச்சு அதுங்க எண்ணிக்கைய குறைச்சுக்கும். சில வகை கிரேஃபிஷ் ஈர நிலத்துல ஆழமா வளை தோண்டும், இலினாய், விஸ்கான்சின் பக்கம் ஹைன்ஸ் எமரால்டுனு ஒரு அபூர்வத் தட்டான், அதோட குஞ்சுங்க தண்ணி வத்தறப்ப அந்த வளைக்குள்ள இறங்கித்தான் உயிர் பிழைக்குது. அதே வளைக்காரன் சில நேரம் அந்தக் குஞ்சைத் தின்னுடவும் செய்வான். இருந்தாலும் வெளிய காய்ஞ்சு சாகறத விட அது மேல்.

கே: அதோட வயித்துல கல்லு இருக்குமாமே, நெஜமா?
(8ஆம் வகுப்பு மாணவன், கோத்தகிரி)

ப: நெஜம்தான் தம்பி. ஓடு கழட்டறதுக்கு முன்னாடி பழைய ஓட்டுல இருக்கற சுண்ணாம்புச் சத்துல கொஞ்சத்த உருவி, வயித்தோட சுவர்ல ரெண்டு வெள்ளைக் கல்லா சேத்து வெச்சுக்கும். பொத்தான் மாதிரி இருக்கும். ஓடு கழண்டதும் அந்தக் கல்லு கரைஞ்சு புது ஓட்டக் கெட்டியாக்க ரத்தத்துல கலந்துடும். மலை ஓடைத் தண்ணில சுண்ணாம்பு கம்மி, அதான் இந்தச் சேமிப்பு. ஐரோப்பாவுல ஒரு காலத்துல அந்தக் கல்லை 'நண்டுக் கண்'ணுனு பேர் வெச்சு மருந்தா வித்திருக்காங்க, கண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

கே: நான் லண்டன்ல இருக்கேன். பக்கத்து ஆத்துல கிரேஃபிஷ் நிறைய, அது வெளியூர்க்காரன், எவ்வளவு பிடிச்சாலும் நல்லதுதான்னு சொல்றாங்க. பிடிச்சு மிளகு போட்டு வறுக்கலாமா அக்கா?
(ஒரு வாசகர், லண்டன்)

ப: ருசி நல்லாத்தான் இருக்கும் தம்பி, ஆனா இரை வெச்சுப் பிடிக்கற கூடைய ஆத்துல போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க.

இங்கிலாந்தோட சொந்தக்காரன் வெள்ளைக்கொடுக்கு கிரேஃபிஷ். கொடுக்கோட அடிப்பக்கம் வெளிர் நிறம், சாதுவானது, மெதுவா வளரும். நீங்க பாக்கறது அனேகமா சிக்னல் கிரேஃபிஷ், அமெரிக்காவோட மேற்குக் கரைக்காரன், கொடுக்கு மூட்டுல வெள்ளைப் பொட்டு இருக்கும், அடிப்பக்கம் சிவப்பு. ஸ்வீடன்ல ஆகஸ்ட் மாசம் கிரேஃபிஷ் விருந்துன்னா தீபாவளி மாதிரி. அங்க 1907ல ஒரு கொள்ளை நோய் வந்து அவங்க சொந்த கிரேஃபிஷ் கொத்துக் கொத்தா செத்துது, அதுக்கு மாத்தா 1960கள்ல சிக்னல கொண்டு வந்து விட்டாங்க. இங்கிலாந்துலயும் வளர்த்து வித்தா காசு வரும்னு 1970கள்ல கொண்டு வந்தாங்க. குளத்துல வளர்த்தது ஏறிக் குதிச்சு ஆத்துக்குப் போயிடுச்சு.

அந்த நோய்தான் விஷயமே. பூஞ்சை மாதிரி தெரியற ஒரு நீர்ப்பூசணம், உருளைக்கிழங்குக் கருகல் நோய்க்குச் சொந்தம், அதோட ஊரும் அமெரிக்காதான். அமெரிக்க கிரேஃபிஷுக்கு அது கூடவே பொறந்த சனியன், ஓட்டுல ஒட்டிட்டு இருக்கும், பெருசா ஒண்ணும் பண்ணாது. ஐரோப்பிய கிரேஃபிஷுக்கு அது தொட்டா சில வாரத்துல மொத்த ஆறும் காலி. இங்கிலாந்துல 1981ல முதல் தடவ வந்துச்சு. ஈர வலை, ஈர பூட்ஸ் போதும், ஒரு ஆத்துல இருந்து இன்னொரு ஆத்துக்குப் போயிடும்.

சாப்பாட்டுக் கதைக்கு வருவோம். சிக்னலும் அதே சருகு, அதே பூச்சி, அதே மீன் முட்டைதான் தின்னுது, மேல நான் புகழ்ந்து சொன்ன அத்தனையும் அதுக்கும் பொருந்தும். வித்தியாசம் எண்ணிக்கை. ஒரு தடவைக்கு 200, 300 முட்டை சுமக்கும், சீக்கிரம் பெரியாளாகும். யார்க்‌ஷயர்ல ஒரு சின்ன ஓடைய மறிச்சு தண்ணி வடிச்சு எண்ணினப்போ, சில இடத்துல ஒரு சதுர மீட்டருக்கு 100க்கு மேல கிடைச்சுது. அப்பலாச்சியன்ல ஓடைய சுத்தம் பண்ற அதே வாய், அப்படி நூறு வாயாச்சுன்னா நத்தை காலி, நீர்ச்செடி காலி, மீன் முட்டைக்கும் குஞ்சுக்கும் நிம்மதியே இல்ல. கரையில வேற வளை தோண்டித் தோண்டி மண்ணு சரியுது, அந்த வண்டல் எல்லாம் போய் மீனு முட்டையிடற கூழாங்கல் மேல படியுது.

சரி பிடிச்சுடலாமேன்னு நீங்க கேப்பீங்க. அதே யார்க்‌ஷயர் ஓடையில கூடைல சிக்கற அளவு பெருசா இருந்தது 100க்கு 3கூட இல்ல, மீதி எல்லாம் பொடிசு. இரை வெச்ச கூடைக்குள்ள பெரிய ஆளுங்கதான் வருவாங்க. பெரிய கிரேஃபிஷ் சின்னதத் தின்னும்னு மேல சொன்னேன்ல, அப்போ பெருசா பாத்துப் பாத்து எடுத்தா யாருக்கு நல்லது? அந்தப் பொடிசுங்களுக்குத்தான்.

அதனால: இங்கிலாந்துல கூடை போட லைசென்ஸ் வேணும், அது இல்லாம போடாதீங்க. வெள்ளைக்கொடுக்கு சட்டப் பாதுகாப்புல இருக்கு, அதைப் பிடிக்கக் கூடாது. பிடிச்ச சிக்னல திரும்ப ஆத்துல விடறதும், வேற குளத்துல விடறதும் சட்ட விரோதம். எந்த ஆத்துல இறங்கினாலும் சாமான பாத்து, கழுவி, நல்லா காய வெச்சுட்டுத்தான் அடுத்த ஆத்துல இறங்கணும். ஆசையா இருந்தா லைசென்ஸ் வெச்சிருக்கறவங்ககிட்ட வாங்கி மிளகு போட்டு வறுத்துக்கோங்க, சீரகமும் கொஞ்சம் சேருங்க.

கே: வீட்டு டேங்க்ல ஒரு நீல கிரேஃபிஷ் வளர்க்கறேன் மேடம். கூட இருந்த நாலு கப்பி மீனையும் தின்னுடுச்சு. மனசு கேக்கல, பக்கத்து ஏரில விட்டுடலாம்னு இருக்கேன்.
(ஒரு வாசகர், சென்னை)

ப: தயவு செஞ்சு விடாதீங்க. கையெடுத்துக் கும்பிட்டு கேக்கறேன்.

'ஒண்ணுதானே, ஒண்ணு என்ன பண்ணிடும்'னு தோணும். மார்பிள் கிரேஃபிஷ்னு ஒண்ணு, 1990கள்ல ஜெர்மனியோட கலர் மீன் வியாபாரத்துல திடீர்னு தெரிய வந்துச்சு. அதுல ஆணே கிடையாது, எல்லாம் பொண்ணு, துணை இல்லாமலே முட்டை போட்டு தன்னோட நகல் நகலா பெருகும். யாரோ கொண்டு போய் விட்டு, 2000களோட நடுவுல மடகாஸ்கர் வயல்லயும் ஆத்துலயும் கிளம்பிடுச்சு, இன்னிக்கு சந்தையில கூடை கூடையா விக்கறாங்க. அந்தத் தீவோட சொந்த கிரேஃபிஷ் ஏழெட்டு வகைதான், மலை ஓடைல மெதுவா வளர்றதுங்க, அதுங்களுக்கு இப்ப இது பெரிய மிரட்டல். ஐரோப்பிய யூனியன் 2016லயே மார்பிளையும் சிக்னலையும் வளர்க்க, விக்க, வெளிய விடத் தடை போட்டுடுச்சு.

உங்க டேங்க்ல இருக்கறது எந்த வகைன்னு கலர வெச்சு சொல்ல முடியாது, நீலம் பல வகைல வரும். எந்த வகையா இருந்தாலும் நம்ம ஏரி, ஓடைல கிரேஃபிஷோட பழகின உயிர் ஒண்ணுகூட கிடையாது, அதுக்காகக் காத்திருக்கற ஹெல்பெண்டரும் இல்ல, குயின் ஸ்நேக்கும் இல்ல. பொள்ளாச்சி சார் சின்ன வயசுல பிடிச்ச அந்த நண்டும் இறாலும்தான் இருக்கு, ஒரே சருகு, ஒரே கல்லிடுக்கு, அதுங்கதான் முதல்ல இடம் காலி பண்ண வேண்டி வரும். வேண்டாம்னா வாங்கின கடையிலயே திருப்பிக் கொடுங்க, இல்ல வளர்க்கறவங்க யாருக்காவது கொடுங்க. டேங்க் தண்ணியையும் ஏரியிலயோ மழைநீர்க் கால்வாயிலயோ ஊத்தாதீங்க, வீட்டுச் செடிக்கு ஊத்துங்க.

வெச்சுக்கறதா முடிவு பண்ணினா, கப்பி கூட போடாதீங்க, ராத்திரி அடில தூங்கற மீன அது விடாது. மூடிய இறுக்கி வைங்க, ஏர் பம்ப் டியூபப் பிடிச்சு ஏறி வெளிய வந்துடும், என் வீட்ல ஒரு தடவ ஷூ ஸ்டாண்டுக்கு அடியில இருந்து எடுத்தேன். சாப்பாட்டுக்கு கடைத் தீவனம் மட்டும் போடாம, நாட்டு வாதாம் மரத்துல இருந்து தானா விழுந்த காய்ஞ்ச இலைய, மருந்து அடிக்காத மரமா பாத்து எடுத்து, நல்லா கழுவிப் போடுங்க. ரெண்டு மூணு வாரத்துல இலை மெத்துனு ஆகி நரம்பு மட்டும் மிஞ்சும், ராத்திரி சின்ன டார்ச் அடிச்சுப் பாத்தா கிழிச்சுத் தின்னுறதப் பாக்கலாம். வாரத்துக்கு ரெண்டு நாள் ஒரு துண்டு இறாலோ மண்புழுவோ போதும். ஒரு நாள் காலைல டேங்க்ல ரெண்டு கிரேஃபிஷ் படுத்திருக்கற மாதிரி தெரியும், பயப்படாதீங்க, ஒண்ணு கழட்டிப் போட்ட ஓடு. அதை மட்டும் எடுத்துப் போட்டுடாதீங்க, ரெண்டு மூணு நாள்ல அதுவே தின்னு முடிச்சுடும், புது ஓட்டுக்கு அந்தச் சுண்ணாம்பு வேணும்.